பெட்டியடியிலிருந்து பி.எம்.பி. வரை: செட்டிநாடும் தொழில்தேர்வு நூல்களும்

தொழில்தேர்வு நூல்கள் என்பவை, ஒரு வேலையைச் செய்யும் தகுதி ஒருவருக்கு உண்டா என்று சோதிக்கும் தேர்வுக்காகப் படிக்கப்படும் நூல்கள் ஆகும். பள்ளிப் பாடநூலை அரசே தீர்மானித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. தொழில்தேர்வில் அப்படியில்லை. எதை வாங்குவது, எதை விடுவது, எதை முதலில் படிப்பது என்பதையெல்லாம் படிப்பவரே முடிவு செய்ய வேண்டும். தவறினால் கட்டிய பணமும் போகும். வேலை பார்த்துக்கொண்டே இரவில் கண்விழித்துப் படித்த ஐந்தாறு மாதமும் போகும். திட்ட மேலாண்மை வல்லுநர் சான்றிதழ் எனப்படும் பி.எம்.பி. தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்கள் இன்று முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்தச் சிக்கலைக் காரைக்குடியை நடுவாகக் கொண்ட செட்டிநாட்டிலிருந்து பார்ப்பதற்குக் காரணம் உண்டு. முதலாளியின் பணத்தை எடுத்துக்கொண்டு கடல் கடந்து போய், குறித்த காலத்துக்குள் தொழிலை நடத்தி, திரும்பி வந்து கணக்கு ஒப்படைப்பது இவ்வூர்களின் வாழ்க்கைமுறையாகப் பல தலைமுறை இருந்தது. அதற்கு ஆளைத் தயார் செய்யும் முறை இருந்தது. சோதிக்கும் முறையும் இருந்தது. வினாத்தாளும் சான்றிதழும்தான் இல்லை. அந்த முறையில் என்ன நூல்கள் படிக்கப்பட்டன, எவ்வளவு படிக்கப்பட்டன, படிப்புக்கும் சோதனைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதைப் பார்த்தால் இன்றைய தடுமாற்றத்தின் காரணம் ஓரளவு விளங்கும்.

திண்ணைப் பள்ளியின் சிறு நூல்கள்

தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே செட்டிநாட்டுப் பிள்ளைகளும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதித் தொடங்கி ஓலைக்கு வந்தார்கள். அரிச்சுவடி முடிந்ததும் ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி போன்ற நீதிநூல்கள் வாய்ப்பாடமாயின. கணக்கிற்கு நான்கு ஏடுகள் பெரிதும் வழங்கின: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாற்று.

பொன்னிலக்கம் எண்களையும் பின்னங்களையும் கூட்டிக் கூட்டி ஏறுவது. நெல்லிலக்கம் முகத்தலளவையில் அதையே செய்வது. செவிடு, ஆழாக்கு, உழக்கு, உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி, கலம் என்று போகும். எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. குழிமாற்று நிலத்தின் பரப்பைக் காண்பதற்கு உதவுவது. இந்த ஏடுகளைப் பற்றிப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில்பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவற்றை மனப்பாடப் புத்தகங்கள் என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது என்பது அவர் ஆய்விலிருந்து தெரிகிறது. நினைவில் இருத்திக்கொள்வதே அக்காலத்தில் கணக்குப் போடும் கருவியாக இருந்தது.

எண்சுவடி வெறும் முழு எண்களோடு நிற்பதில்லை. முந்திரி (1/320), அரைக்காணி (1/160), காணி (1/80), அரைமா (1/40), மா (1/20), மாகாணி (1/16), அரைக்கால் (1/8), கால், அரை, முக்கால் என்று பின்னங்களுக்கும் வாய்பாடு உண்டு. இன்றைய மாணவருக்கு இது தேவையற்ற சுமையாகத் தோன்றலாம். ஆனால் பழைய ரூபாய்க்கு 16 அணா என்பதை நினைத்துப் பார்த்தால் பொருத்தம் தெரியும். ஓர் அணா என்பது மாகாணி ரூபாய். இரண்டு அணா அரைக்கால். நாலு அணா கால். எண்சுவடி தெரிந்த பையனுக்கு ரூபாய், அணாக் கணக்கு புதிய பாடமே அல்ல. 1957 ஏப்ரல் முதல் தேதி ரூபாய்க்கு நூறு பைசா என்ற முறை நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்த வாய்பாடுகளின் அன்றாடப் பயன் ஆட்டம் கண்டது.

நான்கு ஏடுகளும் எல்லார்க்கும் ஒரே அளவில் பயன்பட்டிருக்க முடியாது. நிலவரிக் கணக்கு எழுதப் போகிறவனுக்குக் குழிமாற்று உயிர்நாடி. களத்துமேட்டில் நிற்கப் போகிறவனுக்கு நெல்லிலக்கம். வட்டிக்கடைக்குப் போகிறவனுக்கோ எண்சுவடியின் பின்ன வாய்பாடுகள் நாக்கின் நுனியில் நிற்க வேண்டும். எங்கே போகப் போகிறோம் என்பதை வைத்தே எதில் அதிகம் ஊன்றுவது என்பது முடிவாகும். நூல் மிகச் சிலவே இருந்த காலத்திலும் தேர்ந்தெடுத்தல் என்பது இருந்தது.

பெட்டியடியில் நடந்த தேர்வு

பர்மா, மலாயா, சிங்கப்பூர், இலங்கை ஆகிய இடங்களில் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் பணிப்படிகள் தெளிவாக இருந்தன. மேலே முதலாளி அல்லது அவருடைய ஏஜெண்டான மேலாள். அடுத்து அடுத்தாள். கீழே பெட்டியடிப் பையன். தரையில் கைப்பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு மேலாள் அமர்ந்திருப்பார். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து எடுபிடி வேலை செய்யும் சிறுவன் என்பதால் அந்தப் பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளில் ஒரே கூடத்தில் பல விலாசத்தாரின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. அந்தக் கட்டடங்கள் 1970களில் நகர மறுசீரமைப்புக்காக அகற்றப்பட்டன.

பெட்டியடிப் பையனுக்குத் தனிப் பாடநூல் இல்லை. கடையின் ஏடுகளே அவனுக்குப் பாடம். அன்றாடக் கொடுக்கல் வாங்கலைப் பதியும் குறிப்பு, ஆள்வாரியாகப் பிரித்து எழுதும் பேரேடு, வட்டியைக் கணக்கிட்டு எழுதும் வட்டிச் சிட்டை, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றுசேர்த்துச் சரிபார்க்கும் ஐந்தொகை. பையன் முதலில் பார்ப்பான், பிறகு படி எடுப்பான், பிறகு தானே பதிவான். வட்டியை வாயாலேயே சொல்லப் பழகுவான்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. 640 ரூபாய்க் கடன்; நூற்றுக்கு மாதம் அரையே அரைக்கால் ரூபாய் வட்டி; 17 நாளுக்கு எவ்வளவு? அரையே அரைக்கால் என்பது 5/8. ஆகவே மாத வட்டி சரியாக 4 ரூபாய். முப்பது நாள் மாதத்தில் 17 நாளுக்கு இரண்டே கால் ரூபாயும் ஒரு சிறு மிச்சமும் வரும். அந்த மிச்சம் காணியும் முந்திரியும் சேர்ந்ததற்குக் கொஞ்சம் மேல். அணாவில் சொன்னால் 2 ரூபாய் 4 அணா 3 பை. கடன்காரர் எதிரே நிற்கும்போது இதைத் தாளில்லாமல் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் கடைக்கு நட்டம், அல்லது வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர். தேர்வு நடந்தது அங்கேதான், அதுவும் நாள்தோறும்.

எண்சுவடி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டும் ஓட்டிவிட முடியாது. இலங்கையில் ரூபாயும் சதமும் வழங்கின. மலாயாவில் வெள்ளியும் காசும் வழங்கின. போகிற இடத்தின் நாணயம், அங்கத்திய பேச்சுமொழி, கடன்பத்திரம் எழுதும் வழக்கம் ஆகியவற்றைக் கடையில் இருந்தே கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. ஊரில் படித்த நூல் அடித்தளம். மேற்கட்டடம் பழக்கத்தில் எழும்பியது.

இதைவிடப் பெரிய தேர்வு ஏஜெண்டுக்கு இருந்தது. அவருடைய தவணை பெரும்பாலும் மூன்று ஆண்டு. அதற்கான சம்பளம் மொத்தமாகப் பேசப்பட்டு, ஒரு பகுதி முன்பணமாகக் குடும்பத்திடம் கொடுக்கப்படும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் நிலுவைகளை ஒப்புவித்து, ஐந்தொகையைக் காட்டிவிட்டு ஊர் திரும்ப வேண்டும். வீரசூரிய 1973இல் இலங்கைச் செட்டியார்களைப் பற்றி எழுதிய நூலிலும், டேவிட் ரட்னர் 1994இல் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களைப் பற்றி வெளியிட்ட நூலிலும் இந்த முறையைப் பற்றிய செய்திகள் உள்ளன. தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, ஒதுக்கிய பணம் உண்டு, ஒப்படைக்க வேண்டிய பொருள் உண்டு. இன்றைய மேலாண்மை நூல்கள் திட்டம் என்ற சொல்லுக்குத் தரும் வரையறையும் கிட்டத்தட்ட இதுதான். வட்டிக்கடை இடைவிடாமல் நடப்பது. ஒரு ஏஜெண்டின் தவணையோ முடிவுள்ளது. திட்டத்துக்கும் தொடர்பணிக்கும் உள்ள இந்த வேறுபாடு பி.எம்.பி. படிப்பின் முதல் பாடங்களில் ஒன்று.

எவ்வளவு பெரிய தொழில் இந்தப் பயிற்சியின் மேல் நின்றது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கைப்படி, 1930 வாக்கில் அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவை கொடுத்திருந்த கடன் சுமார் 75 கோடி ரூபாய். பெட்டியடியில் கற்ற ஆட்களே இத்தனையையும் நடத்தினார்கள்.

இந்த முறையைப் போற்றிவிட்டு மட்டும் போவது நேர்மையாகாது. சோதிப்பவரே கற்பிப்பவராகவும் சம்பளம் கொடுப்பவராகவும் இருந்தார். பையனுக்குத் திறமை இருந்தாலும் அதை வேறோரிடத்தில் காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் கிடையாது. நகரத்தார் சமூகத்துக்கு வெளியே இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் கதவு பெரும்பாலும் திறக்கவில்லை. பெண்களுக்குத் திறக்கவே இல்லை. 1930களின் பொருளாதார மந்தமும், 1941-42இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப் பின் பர்மா அரசு கொண்டுவந்த நிலச் சட்டங்களும் சேர்ந்து கடைகளை மூடவைத்தபோது, அந்தக் கடைகளுக்குள் மட்டுமே செல்லுபடியான தேர்ச்சியும் மதிப்பிழந்தது. அச்சிட்ட சான்றிதழின் அருமை அப்போதுதான் தெரிந்தது எனலாம்.

வங்கியும் கல்லூரியும்

மாற்றம் முன்பே தொடங்கியிருந்தது. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் கிளைகள் திறக்கப்பட்டன. பேரேடும் ஐந்தொகையும் ஆண்ட ஊரில் ஆங்கிலக் கணக்குமுறை அலுவலகம் வந்து அமர்ந்தது.

வங்கி ஊழியர்களுக்கென்று தேர்வு நடத்த இந்திய வங்கியாளர் கழகம் 1928இலேயே ஏற்பட்டிருந்தது. அது நடத்திய சி.ஏ.ஐ.ஐ.பி. தேர்வு பிற்காலத்தில் வங்கி ஊழியர் ஒவ்வொருவரும் அறிந்த பெயராயிற்று. தேறினால் ஊதிய உயர்வு உண்டு என்பதால் பகலில் வேலையும் இரவில் படிப்புமாக எழுதியவர்கள் ஏராளம். இங்கே ஒரு முக்கியமான பிரிவு நிகழ்ந்தது. வேலை கொடுப்பவர் ஒருவர், தேர்வு வைப்பவர் வேறொருவர். கிளையில் பதினைந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கும் அந்தத் தேர்வில் தேறுவதற்குத் தனியாகப் படிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் தேர்வு வைக்கும் கழகமே பாடத்திட்டத்தையும் சொல்லிவிட்டதால் என்ன படிப்பது என்ற குழப்பம் பெரிதாக எழவில்லை.

இதே காலத்தில் காரைக்குடியின் முகமே மாறியது. கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் 1947இல் கலைக்கல்லூரியைத் தொடங்கினார். 1952இல் பொறியியல் கல்லூரி வந்தது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்காக அவர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரியில் ஆய்வகம் திறக்கப்பட்டது. அழகப்பா பல்கலைக்கழகம் 1985இல் ஏற்பட்டது. சாதி, குடும்பம் என்ற எல்லை இல்லாமல் அக்கம்பக்கத்துச் சிற்றூர்ப் பிள்ளைகள் பொறியியலும் வணிகவியலும் படிக்க வழி பிறந்தது.

அப்படிப் படித்தவர்களில் பலர் மீண்டும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும், புதிதாக வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். இம்முறை வட்டிக்கடைக்கு அல்ல. கட்டுமானம், எண்ணெய், கணினி நிறுவனங்களுக்கு. அங்கே சில ஆண்டு வேலை பார்த்த பிறகு பதவி உயர்வுக்காகக் கேட்கப்படும் தகுதிகளில் ஒன்றுதான் பி.எம்.பி.

பி.எம்.பி. தேர்வும் அதன் பெரிய நூலும்

திட்ட மேலாண்மை தனித் துறையாக வடிவெடுத்தது 1950களின் அமெரிக்காவில். டூபான்ட் நிறுவனத்தில் மார்கன் வாக்கரும் கணினித் துறையைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் 1957 வாக்கில் முக்கியப் பாதை முறையை உருவாக்கினார்கள். எந்த வேலை தாமதமானால் முழுத் திட்டமும் தாமதமாகும் என்பதைக் கண்டுபிடிக்கும் முறை அது. அடுத்த ஆண்டு அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக பெர்ட் என்ற முறையை உருவாக்கியது. 1969இல் திட்ட மேலாண்மை நிறுவனம், அதாவது பி.எம்.ஐ., தொடங்கப்பட்டது. பி.எம்.பி. தேர்வு 1984இல் வந்தது.

தேர்வுக்கும் நூலுக்கும் உள்ள உறவு இந்த வரலாற்றில் கவனிக்கத்தக்கது. திட்ட மேலாளர் அறிந்திருக்க வேண்டியவை எவை என்று பி.எம்.ஐ. 1983இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. செயலெல்லை, செலவு, காலம், தரம், ஆள்வளம், தகவல்தொடர்பு என்று ஆறு பகுதிகள் அதில் இருந்தன. 1987இல் இடரும் கொள்முதலும் சேர்ந்தன. 1996இல் பிம்பாக் வழிகாட்டி என்ற பெயரில் முதல் பதிப்பு வந்தபோது ஒருங்கிணைப்பும் சேர்ந்து ஒன்பது பகுதியாயின. பிறகு 2000, 2004, 2008, 2013, 2017 என்று பதிப்புகள் தொடர்ந்தன. 2017இன் ஆறாம் பதிப்பில் 10 அறிவுப்பகுதிகளும் 49 செயல்முறைகளும் இருந்தன. பக்கங்கள் எழுநூற்றுக்கும் மேல். ஒவ்வொரு செயல்முறைக்கும் உள்ளே வருபவை எவை, பயன்படும் கருவிகள் எவை, வெளியே வருபவை எவை என்ற பட்டியல்கள் அதில் நிரம்பியிருந்தன.

தேர்வுக்குப் படித்தவர்கள் அந்தப் பட்டியல்களை உருப்போட்டார்கள். அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எண்சுவடியை ஒப்பித்த தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு உருப்போடுவது அந்நியமானதன்று. ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மாகாணி வாய்பாட்டை ஒப்பித்த பையன் மறுநாள் அதைக் கொண்டே வட்டி சொன்னான். 49 செயல்முறைகளின் பட்டியலை ஒப்பித்தவருக்குத் தேர்வறையில் அதைச் சொல்லச் சொல்லி வந்த கேள்விகள் குறைந்துகொண்டே போயின.

2021 ஜனவரியில் தேர்வு பெரிதும் மாறியது. 200 வினாக்கள், நான்கு மணி நேரம் என்றிருந்தது 180 வினாக்கள், 230 நிமிடம் என்று ஆயிற்று. மக்கள் 42 விழுக்காடு, செயல்முறை 50 விழுக்காடு, வணிகச் சூழல் 8 விழுக்காடு என்ற பங்கீடு வந்தது. வினாக்களில் சுமார் பாதி அஜைல் எனப்படும் நெகிழ்முறையையும் கலப்புமுறையையும் சார்ந்தவை என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு வந்த பிம்பாக் ஏழாம் பதிப்பு பழைய பதிப்புகளின் அமைப்பையே விட்டுவிட்டு 12 கொள்கைகள், 8 செயல்திறன் களங்கள் என்று புதிதாக எழுதப்பட்டது. 2025இல் எட்டாம் பதிப்பும் வந்துவிட்டது.

பழைய நூலை வாங்கி வைத்திருந்தவர்கள் திகைத்துப் போனதில் வியப்பில்லை. புதிய நூலை மட்டும் வாங்கியவர்களும் திகைத்தார்கள். அதில் பட்டியலும் இல்லை, தேர்வுக்கு நேராகப் பயன்படும் கேள்விபதிலும் இல்லை. உண்மையில் பி.எம்.பி. தேர்வு பிம்பாக்கிலிருந்து எடுக்கப்படுவதன்று. திட்ட மேலாளர்கள் தம் வேலையில் என்ன செய்கிறார்கள் என்பதை ஆராய்ந்து தேர்வு உள்ளடக்கக் குறிப்பு என்ற ஒரு சிறு ஆவணத்தைப் பி.எம்.ஐ. தனியாக வெளியிடுகிறது. வினாக்கள் எழுதப்படுவது அதைப் பார்த்து. பிம்பாக், அந்த வினாக்களுக்குத் துணைநிற்கும் நூல்களுள் ஒன்று. பாடநூலே பாடத்திட்டம் என்று பள்ளியில் பழகிய நமக்கு இது பிடிபடாமல் போவது இயல்பே.

நூலைத் தேர்தல்

ஆகவே முதலில் படிக்க வேண்டியது அந்தக் குறிப்பைத்தான். சில பக்கங்களே உடையது, பி.எம்.ஐ. தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் முகப்பில் உள்ள ஆண்டு, தாம் தேர்வெழுதப் போகும் நாளில் நடைமுறையில் இருக்கும் குறிப்பின் ஆண்டுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய புத்தகக் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று நான்காம் பதிப்பையோ ஐந்தாம் பதிப்பையோ வாங்குவது செலவை மிச்சப்படுத்தாது. பர்மாவுக்குப் போகிறவன் மலாயா நாணயக் கணக்கைப் படித்துக்கொண்டு போன கதையாகிவிடும்.

பிம்பாக்கைத் தவிர, தேர்வுக்கென்றே எழுதப்பட்ட வழிகாட்டிகள் பல உண்டு. அமெரிக்கரான ரீட்டா மல்கஹியின் நூல் அவற்றில் நன்கு அறியப்பட்டது. அவர் 2010இல் மறைந்த பிறகும் அது திருத்தப்பட்டு வெளிவருகிறது. இவற்றில் ஒன்று போதும். மூன்று வழிகாட்டி வாங்கி மூன்றிலும் முதல் இரண்டு அத்தியாயம் படித்தவர்களே அதிகம். விண்ணப்பிக்க 35 மணிநேரப் பயிற்சி கட்டாயம் என்பதால் ஏதேனும் ஒரு வகுப்பிலோ இணையப் பாடத்திலோ சேர்ந்தே ஆக வேண்டும். அந்த வகுப்பு எந்த ஆண்டின் குறிப்பைப் பின்பற்றுகிறது என்பதுதான் கட்டணத்துக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

மிகுதியான நேரம் பயிற்சி வினாக்களுக்குப் போக வேண்டும். பி.எம்.பி. வினாக்கள் பெரும்பாலும் சூழ்நிலையைச் சொல்லி, திட்ட மேலாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பவை. நான்கு விடைகளும் சரிபோலவே இருக்கும். ஆகவே விடைக்குறி மட்டும் தரும் வினாத்தொகுப்பால் பயன் குறைவு. மற்ற மூன்றும் ஏன் பொருந்தவில்லை என்று விளக்கும் தொகுப்பே பெட்டியடியில் பக்கத்தில் இருந்து திருத்திய மேலாளின் இடத்தை ஓரளவு நிரப்பும். உண்மையான தேர்விலிருந்து திருடியவை என்று சொல்லி விற்கப்படும் வினாக்கள் வேறு வகை. அவற்றில் பல பிழையானவை. அவற்றைப் பயன்படுத்துவது பி.எம்.ஐ. விதிகளுக்கு மாறானது, தெரியவந்தால் தேர்வு முடிவே செல்லாததாக்கப்படலாம்.

கணக்குகள் இப்போது குறைவுதான். ஆனாலும் கருத்து விளங்கியிருக்க வேண்டும். ஈட்டிய மதிப்பு என்ற முறையைப் பார்க்கலாம். 50 லட்சம் ரூபாயில் பத்து மாதத்தில் ஒரு வீடு கட்டத் திட்டம். நான்கு மாதம் ஆயிற்று. 20 லட்சம் செலவாகிவிட்டது. முடிந்திருக்கும் வேலையை மதிப்பிட்டால் 16 லட்சம்தான் பெறும். 16ஐ 20ஆல் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் வீடு முடியும்போது செலவு 50ஐ 0.8ஆல் வகுத்தது, அதாவது 62.5 லட்சம். 20 லட்சம் செலவழிக்கத் திட்டமிட்டோம், 20 லட்சம் செலவழித்தோம், எல்லாம் சரி என்று நினைப்பவர் ஏமாறும் இடம் இது. வரவையும் பற்றையும் தனித்தனியே பார்க்காமல் ஐந்தொகையில் ஒன்றுசேர்த்துப் பார்த்த பழக்கம் உள்ளவருக்கு இது விரைவில் பிடிபடும்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மேலும் ஒரு சிரமம் உண்டு. தேர்வைத் தமிழில் எழுத முடியாது. தமிழில் முழுமையான வழிகாட்டி நூலும் கைக்கு எட்டும்படி இல்லை. ஆங்கில நூலைப் படித்தாலும் மனத்துக்குள் தமிழில்தான் பொருள்கொள்கிறோம் என்பதால், அங்கே நிற்கும் தமிழ்ச்சொல் பிழையாக இருந்தால் விடையும் பிழையாகும். ஸ்டேக்ஹோல்டர் என்பதற்குப் பங்குதாரர் என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். பங்குதாரர் என்றதும் முதல் போட்டவர் நினைவுக்கு வருகிறார். தேர்வில் அந்தச் சொல்லோ, திட்டத்தால் பாதிக்கப்படுகிற, திட்டத்தைப் பாதிக்கக்கூடிய எல்லாரையும் குறிக்கிறது. கட்டடத்தின் பக்கத்து வீட்டுக்காரரும் அதில் அடக்கம். அதேபோல ரிஸ்க் என்பது இன்னும் நடக்காத, நடக்கக்கூடிய இடர்; இஷ்யூ என்பது நடந்துவிட்ட சிக்கல். இரண்டையும் பிரச்சினை என்ற ஒரே சொல்லில் அடைத்துக்கொண்டு போனால், முன்கூட்டித் திட்டமிட வேண்டிய வினாவிலும் உடனே தீர்க்க வேண்டிய வினாவிலும் ஒரே விடையைத் தேடுவோம். நூறு, நூற்றைம்பது சொற்களுக்குத் தமிழ் விளக்கத்தைத் தாமே எழுதிவைத்த ஒரு குறிப்பேடு, கடையில் வாங்கும் எந்த நூலுக்கும் குறைந்ததன்று.

விண்ணப்பம் ஏற்கப்பட்ட ஓராண்டுக்குள் மூன்று முறை தேர்வெழுதலாம். மூன்றிலும் தவறினால் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தேறாதவர்க்குக் கிடைக்கும் முடிவுத்தாளில் மதிப்பெண் இருக்காது. மூன்று களங்களிலும் இலக்குக்கு மேலா, இலக்கிலா, கீழா, மேம்பாடு தேவையா என்பது மட்டும் சொல்லப்பட்டிருக்கும். வருத்தத்தில் அதை மடித்துவைத்துவிட்டுப் புதிதாக ஒரு தடித்த நூல் வாங்கப் போகிறவர்கள் உண்டு. எந்தக் களத்தில் கீழே நிற்கிறோம் என்பதைப் பார்த்து, அந்தக் களத்துக்கு உரிய பகுதியைக் கையில் உள்ள வழிகாட்டியிலேயே மீண்டும் படிப்பவர்களுக்கு இரண்டாம் முறை செலவு குறைகிறது.